மூன்றாம் வரிசைக்கு வெளிச்சம்

மூன்றாவது வரிசையின் பதினோராவது மேசையில் மட்டும் வெளிச்சம் அளக்கிற மீற்றர் முந்நூற்றுப் பத்துக் காட்டியது. அதற்கு முன்னால் இருந்த மேசையில் எழுநூற்று அறுபது, பின்னால் இருந்ததில் எழுநூற்று ஐம்பத்தைந்து. நடுவில் இருந்த இந்த மேசைக்கும் மற்றவற்றுக்குப் போலவே புது எல்.ஈ.டி. விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

கிருசாந்தினி மீற்றரின் பற்றரியைக் கழற்றி மாட்டினாள். அதன் வெள்ளைக் கண்ணைச் சட்டை நுனியால் துடைத்தாள். திரும்பவும் மேசையில் வைத்தாள். முந்நூற்றெட்டு.

வெளியே பன்னிரண்டு மணி வெயில் காணியைப் பொரித்துக்கொண்டிருந்தது. உள்ளே அந்த வெயிலின் ஒரு கீற்றும் இல்லை. சூரிய வெளிச்சம் கலந்தால் விளக்கின் அளவு பிழைத்துவிடும் என்று யன்னல்களுக்கெல்லாம் அவளே கறுப்புப் பொலித்தீன் அடித்திருந்தாள். தகரக் கூரை சூட்டில் விரிந்து ஒரு மூலையில் டக் என்றும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூலையில் டக் என்றும் சத்தமிட, புதுப் பெயின்ற் மணமும் மெசின் எண்ணெய் மணமும் சூடேறிய பொலித்தீன் மணமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, வரிசைக்கு இருபதாக ஆறு வரிசையில் நூற்றிருபது தையல் மெசின்கள் உறை போட்டபடி அவளையே பார்த்துக்கொண்டு இருந்தன.

பார்க்கிறவர்களுக்கு விளக்கு மாட்டுவது பெரிய வேலையாகத் தெரியாது. ஏணியில் ஏறினோம், முடுக்கினோம், இறங்கினோம் என்று நினைப்பார்கள். தைக்கிற இடத்துக்கு அது போதாது. ஒவ்வொரு மேசையிலும் எழுநூற்று ஐம்பது லக்ஸ் வெளிச்சம் விழவேண்டும். விளக்கைத் தலைக்கு நேரே போட்டால் தைப்பவளின் தலைநிழல் ஊசியில் விழும், முதுகுப் பக்கம் போட்டால் மேசை முழுவதும் நிழலாகும். அதனால் சற்று முன்னுக்கும் இடதுக்குமாக, எட்டடி உயரத்தில், கண்ணில் குத்தாத பால்நிற மூடியோடு தொங்கவிடவேண்டும். ஐந்து வருடமாகக் கிருசாந்தினி இதைத்தான் செய்கிறாள். இருட்டென்றால் அவளுக்குப் பிடிக்காது. சண்டைக் காலத்தில், பதின்மூன்று வயதில், மூன்று மாதம் பங்கர்க் குழிக்குள் கிடந்தவள். வெளியே வந்தபிறகு அவள் உருப்படியாக விரும்பிப் படித்த ஒரே ஒரு விசயம், ஒரு இடத்தை எப்படி வெளிச்சமாக்குவது என்பதுதான்.

வெளிச்சம் இப்படி அரைவாசிக்குக் கீழே விழுவது எப்போது என்றும் அவளுக்குத் தெரியும். கதிரையில் ஒருத்தி இருந்து, தலையைக் குனிந்து, ஊசியில் கண்ணை வைத்துத் தைக்கும்போது விழும். பதினோராவது மேசையின் கதிரை வெறுமையாக இருந்தது.

பின்னேரம் முகாமையாளர் சிவகரன் வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு வெளிச்சம் என்றால் வெள்ளை, மற்றதெல்லாம் குப்பி விளக்கு.

"பால்வெள்ளையா போடுங்கோ எண்டு எத்தின தரம் சொன்னனான். இது மஞ்சளடிக்குதெல்லே."

"அந்த வெள்ளை நீலமடிக்கும் அண்ணை. துணியின்ர நிறம் பிழையாத் தெரியும், பிள்ளையளுக்குக் கண்ணும் நோகும்."

"சரி, உங்கட விருப்பம். வெள்ளிக்கிழமை ஓடர் தாற ஆக்களின்ர ஆள் வாறார். உங்கட கையெழுத்தோட ரிப்போட் இல்லாட்டி கதவு திறக்கேலாது. திறக்காட்டி ஓடர் வேற ஊருக்குப் போயிடும்."

"ஒரு மேசைதான் பிழைக்குது. நாளைக்குச் சரிக்கட்டிறன்."

சொல்லிவிட்டாளே தவிர மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலைக்கு எடுத்த நூற்றிருபது பேரின் பட்டியலில் அவளுடைய தங்கை யதுசாவின் பெயரும் இருந்தது. வீட்டு அலுமாரியில் யதுசாவின் பாஸ்போட் இருந்தது. ஏஜென்சிக்காரன் கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தான். இந்தக் கதவு திறந்தால் யதுசா வீட்டில் இருப்பாள், திறக்காவிட்டால் குவைத்தில் யாரோ ஒருத்தியின் குசினியில் இருப்பாள். தாய் போனபிறகு நாலு வயதிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை. இடுப்பிலிருந்து இறக்கிவிட்டது நேற்றுப்போல இருக்கிறது. அவளை எங்கும் அனுப்பக் கிருசாந்தினிக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு சாப்பிடும்போது யதுசா சந்தோசமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்கள் வெளிக்கிட்டாப்பிறகு எங்களை இடம் பாக்க விட்டவை. நான் மூண்டாம் லைன் எடுத்திட்டன். மற்ற இடமெல்லாம் வேகுது, அங்க மட்டும் நல்ல குளிர்மை."

கிருசாந்தினி சாப்பாட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். "எத்தினையாவது மேசை?"

"பதினொண்டு."

"அது வேண்டாம். கதவடியில முதல் லைன்ல இரு. நான் சிவகரன் அண்ணையிட்டச் சொல்லுறன்."

"ஏன்?"

"வெளிச்சம் காணாது," என்றாள் கிருசாந்தினி. அதற்குமேல் என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் மூன்றாவது வரிசைக்கு மேலே இன்னொரு விளக்கு மாட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. இருபது வாற் விளக்கைக் கழற்றி நாற்பது வாற் போட்டாள். முந்நூற்றைந்து. சங்கிலியை ஒரு அடி இறக்கினாள், ஏணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள், மூடியைக் கழற்றி விளக்கை மொட்டையாகவே எரியவிட்டாள். கண் கூசியது. மேசை கூசவில்லை. அந்த வெளிச்சம் மேசைக்கு வந்து சேருமுன்னே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

தன்னுடைய நிழல்தான் விழுகிறதோ என்று, மீற்றரை மேசையில் வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னுக்கு வந்து நின்று எட்டிப் பார்த்தாள். எழுநூற்று அறுபது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இலக்கம் மாறியது. எழுநூறு. அறுநூறு. நானூற்றைம்பது. முந்நூற்றுப் பத்து. ஒரு ஆள் ஆறுதலாகக் கதிரையில் இருந்து, ஆறுதலாகக் குனிவதுபோல. பிறகு அங்கேயே நிற்கவில்லை. முந்நூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து. மூச்சு விடுகிற தாளத்தில் ஏறி இறங்கியது.

அவள் போய்க் கதிரையைப் பிடித்து இழுத்தாள். வெறும் கதிரை. வேகுகிற மண்டபத்தில் அதன் இருக்கை மட்டும் கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்து ஈரமாக இருந்தது.

வேறொருத்தி என்றால் அத்தோடு வெளியே போயிருப்பாள். கிருசாந்தினிக்கு வேலை என்று வந்தால் ஒரு பிடிவாதம். மேசைகளை விட்டுவிட்டுத் தரையை அளக்கத் தொடங்கினாள். மண்டபம் முழுவதும் மூன்றடிக்கு ஒரு புள்ளியாகக் குந்திக் குந்தி அளந்து, ஒவ்வொரு இலக்கத்தையும் கட்டம்போட்ட தாளில் குறித்தாள். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நானூறுக்குக் குறைந்த புள்ளிகள் நேற்றைக்கு ஒரு மேசையில் இருந்தன. இன்றைக்கு நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றைப் பென்சிலால் ஒன்றோடொன்று இணைத்தாள்.

மூன்றாவது வரிசையின் நீளத்துக்கு ஒரு கோடு ஓடியது. பதினோராவது மேசையடியில் அது முழங்கையைப்போல மடிந்து நாலாவது வரிசைக்குள் திரும்பியது. அகலம் மூன்றரை அடி. ஒரு நுனியில் படி வைத்ததுபோலச் சின்னதாக ஒரு வாய்.

அந்த வடிவத்தை வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குண்டு விழுந்தால் சிதறல் நேராக ஓடாமல் மடிப்பில் தடைப்படட்டும் என்றுதான் பங்கரை அப்படி வெட்டுவது. எட்டாம் வகுப்புப் பிள்ளையாக அவளும் தகப்பனோடு நின்று அப்படியொன்றை வெட்டியிருக்கிறாள். கிருசாந்தினியின் கை பென்சிலை விடவில்லை.

"இன்னும் முடியலியா பிள்ளை?" காவலாளி மூக்கன் பிளேன்ரீக் கோப்பையோடு உள்ளே வந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து நாற்பது வருடமாகியும் அவருடைய பேச்சில் பாதி மலையில்தான் நின்றது.

"மூக்கன் அண்ணை, இந்தக் காணி நிரவேக்க நீங்கள் நிண்டனீங்களோ?"

"ஓம். நான்தானே காவல். இந்த நடுவுலதான் கரைச்சல். கிரவல் கொட்டக் கொட்ட உள்ள எறங்கிச்சு. அஞ்சு லோட் போட்டாங்க. பெறகுதான் மட்டத்துக்கு வந்திச்சு."

"தோண்டிப் பாக்கேல்லையோ?"

"கண்ணிவெடி எடுத்தவங்க பாத்திருப்பாங்கன்னு இவங்க இருந்தாங்க. பாத்தாங்களோ இல்லையோ." அவர் தேத்தண்ணியை அவளிடம் நீட்டினார். "ஏன் பிள்ளை, வெளுத்துப் போய் நிக்கிற?"

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு மேலே விளக்குகளைப் பார்த்தாள். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடுமோ என்ற ஒரு யோசனை. மூக்கன் பின்னால் வர, கதவடியில் இருந்த சுவிச் பலகைக்குப் போய் வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற குமிழை மெல்லக் கீழே திருப்பினாள். குறைத்தால் சிலவகை எல்.ஈ.டி. விளக்குகள் இரையும். அது விளக்கோடு வருகிற சின்னப் பெட்டியின் குணம், புதிதில்லை. ஆனால் இங்கே நூற்றுச் சொச்சம் விளக்கு. கூரையடியில் ஒரு ரீங்காரம் மெல்லத் தொடங்கி, ஒரே சுருதியில், விடாமல், தலைக்கு மேலே வட்டமிடுவதுபோலச் சுற்றியது.

வேவு விமானத்தை அந்த நாட்களில் இங்கே எல்லோரும் வண்டு என்றுதான் சொன்னார்கள். அது சுற்றினால் கொஞ்ச நேரத்தில் குண்டு போடுகிற பெரியது வரும்.

சட்டென்று இருட்டிவிட்டது. ஒரு விளக்கும் இல்லை. ரீங்காரமும் இல்லை.

"மூக்கன் அண்ணை?"

"நாந்தான் பிள்ளை. நாந்தான் நூத்துட்டேன்." கிழவனின் குரல் நடுங்கியது. "கை தானாப் போயிருச்சு. சத்தம் கேட்டா லைட்ட நூக்கிற பழக்கம். பைத்தியக்கார வேலை."

அவர் சுவிச்சைத் தேடித் தடவிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கிருசாந்தினி அதைக் கேட்டாள். மண்டபத்தின் நடுவிலிருந்து. அடக்கி வைத்திருந்த மூச்சு. ஒன்றல்ல. பத்து, இருபது பேர் நெருக்கி இருந்து இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்து, இருட்டு வந்ததும் ஒன்றாக விட்ட மூச்சு. அதோடு ஈரமணல் மணம். ஒரு குழந்தையின் விக்கல். அதை யாரோ கையால் பொத்தினார்கள்.

விளக்கு வந்தது. மெசின்களைத் தவிர எதுவும் இல்லை.

"உனக்கும் கேட்டிச்சா?" என்று மூக்கன் கேட்டார்.

"இல்லை," என்றாள் கிருசாந்தினி. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மீற்றரையும் தாளையும் பையில் போட்டாள். மூக்கன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அந்த ரிப்போட்டை அவள் வீட்டில் இருந்து எழுதினாள். நூற்றிருபது கட்டங்கள். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பேனை நின்றது. நடந்ததை எழுதினால் கதவு திறக்காது. யதுசா பக்கத்தறையில் புதுச் சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற முதல் நாளுக்காக வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பதினோராவது மேசைக்கு எழுநூற்று ஐம்பத்திரண்டு என்று கிருசாந்தினி எழுதினாள். மற்றவற்றுக்கும் அப்படியே, பொய் மாதிரித் தெரியாமல் இரண்டொன்று கூட்டிக் குறைத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு பொய்யளவு. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த ஆள் கதவடியில் இரண்டு மேசையை அளந்தார், சிரித்தார், சோடா குடித்தார், போனார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நூற்றிருபது பெண்கள் உள்ளே வந்தார்கள். பவுடர் மணமும் மல்லிகைப்பூ மணமும் சிரிப்புமாக மண்டபம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. துணி வெயிலில் மங்கும் என்று சிவகரன் பொலித்தீனைக் கழற்ற விடவில்லை. கிருசாந்தினி முதல் நாளென்றபடியால் விளக்குகளைப் பார்க்கவேண்டும் என்று சாட்டுச் சொல்லி, மீற்றரும் கையுமாகச் சுவிச் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். முதல் வரிசையில் யதுசாவைத் தேடினாள். இல்லை.

பதினோராவது மேசையிலிருந்து யதுசா கையை ஆட்டினாள்.

அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். "உன்னை அங்க இருக்கச் சொன்னனானெல்லே?"

"இருந்தனான் அக்கா. அங்க இருக்கேலாமக் கிடக்கு, ஒரே வேக்காடு." யதுசா மெசினைத் தடவினாள். "ஆரோ இருந்து எழும்பின மாதிரி, கதிரை நல்ல குளிர்."

"எழும்பு. இப்பவே எழும்பு."

"எல்லாரும் பாக்கினம் அக்கா. இண்டைக்கு மட்டும் இருக்கிறனே."

மணி அடித்தது. மெசின்கள் ஓடத் தொடங்கின. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருசாந்தினி வேறு வழியில்லாமல் கதவடிக்குத் திரும்பினாள்.

முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. சட்டைக்கைகள் தைபட்டன, கூடைகள் நிரம்பின. அவள் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். பிறகு முன் வரிசையில் ஒருத்தி கண் கூசுகிறது என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள். கைத்தொலைபேசியில் கதைத்தபடி வெளியே போய்க்கொண்டிருந்த சிவகரன், போகிறபோக்கில் கையை நீட்டிக் குமிழைக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டுப் போனார்.

கூரையடியில் ரீங்காரம் தொடங்கியது.

யாரும் தலையை நிமிர்த்தவில்லை. சிரிப்புச் சத்தம் நின்றது. மெசின் சத்தம் மாறியது. அதுவரை நூற்றிருபது மெசின்களும் தங்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றாக ஓடின. நீளமாக ஒரு ஓட்டம். நிறுத்தம். துணியைத் திருப்புதல். குறுக்கே ஒரு ஓட்டம். நிறுத்தம். திரும்பவும் நீளம். நிறுத்தம். நூலை அறுத்தல்.

மூன்று பக்கம் மூடி. ஒரு பக்கம் திறந்து.

கிருசாந்தினி ஒரு எட்டு முன்னுக்கு வந்தாள். அந்தத் தையல் அவளுக்குத் தெரியும். உரப்பை முடிந்து, சாக்கு முடிந்து, இனி இல்லை என்றான பிறகு அம்மா கைமெசினை மடியில் வைத்துக்கொண்டு தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெட்டி இப்படித்தான் தைத்தாள். கடைசியாகக் கலியாணச் சேலை. மண் நிரப்பப் பைகள். பங்கருக்குச் சுவர்.

இந்தப் பெண்களில் பாதிப்பேர் அப்போது கைக்குழந்தைகள்.

"யதுசா."

யதுசா நிமிரவில்லை. கண் மூடியிருந்தது. கை மட்டும் தைத்தது. தைத்த பையை மடியிலிருந்து எடுத்து மேசைக்குக் கீழே போட்டாள். துணி விழுகிற மெல்லிய சத்தம்தான் கேட்கவேண்டும். தொப் என்று கேட்டது. பாரமாக. அடுத்த பை. தொப். அடுத்தவளின் பை. தொப். தொப்.

மேசைக்குக் கீழே பைகள் நிரம்பி, வாய் கட்டி, ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. ஓரங்களால் மணல் கசிந்தது. கொங்கிறீற் தரையில் ஒரு வெடிப்பும் இல்லை.

சத்தத்தை நிறுத்தவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. பலகைக்குத் திரும்பினாள். குமிழைப் பிடித்தாள். முழுக்க மேலே திருப்பினாள். விளக்குகள் அத்தனையும் வெள்ளையாகப் பற்றி எரிந்தன. ரீங்காரம் நின்றது.

மெசின்களும் நின்றன. ஒரே நேரத்தில்.

மூச்சு இல்லை. இருமல் இல்லை. ஒன்றுமில்லை.

கிருசாந்தினி திரும்பிப் பார்த்தாள்.

நூற்றிருபது கதிரைகளும் வெறுமையாக இருந்தன. சில கதிரைகளில் கைப்பைகள் தொங்கின. ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. மூன்றாவது வரிசையின் நீளத்துக்குப் பைகள் இடுப்பளவு உயரத்தில் அடுக்கப்பட்டு, பதினோராவது மேசையடியில் மடிந்து திரும்பி நின்றன. சட்டைத்துணிப் பைகள். நீலம், வெள்ளை, நீலம். அவற்றின் நடுவில் ஒரு வாய். இத்தனை விளக்கு இருந்தும் அதற்குள் ஒரு விரற்கடை வெளிச்சமும் இறங்கவில்லை.

அந்த வாயிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. யதுசாவின் கை. நகத்தில் நேற்றுப் பூசிய சிவப்பு. விரல்களில் ஈரமணல்.

கை தரையை மெல்லத் தட்டியது. குழந்தையைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லித் தட்டுவதுபோல.

"அக்கா," என்றாள் யதுசா, மிகவும் மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல. "வாங்கோ. இடம் இருக்கு."

அவளுக்குப் பின்னால், உள்ளே இருட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அரக்கி அரக்கி நகர்ந்து, இன்னும் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டார்கள்.